57 சதவீதம் எங்கிருந்து வந்தது? மாதிரியும் தரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொன்ன கணக்கு இது. நர்சிங், பொதுச் சுகாதாரம், சமூக மருத்துவம் படிக்கிறவர்கள் பலர் தீசிஸின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிடுகிறார்கள். இந்த எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் மட்டும் தயங்குகிறார்கள். அது புரிந்துவிட்டால் உயிரியல் புள்ளியியலின் அடிப்படை பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சொந்தமாக ஆய்வு தொடங்கும் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, முடிந்தவரை உண்மையான ஆய்வுகளை வைத்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்காமல் 57 என்று எப்படிச் சொல்ல முடியும்?

கையில் 2 மில்லி ரத்தம் எடுத்து, உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடுகிறோம். யாரும் சந்தேகப்படுவதில்லை. இதயம் ரத்தத்தை ஓயாமல் கலந்துகொண்டே இருப்பதால், எந்த 2 மில்லி எடுத்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வரும். மக்கள் அப்படிக் கலந்து வாழ்வதில்லை. வசதியானவர்கள் ஒரு பக்கம், கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், ஒரே சாதியினர் ஒரே தெருவில் என்றுதான் ஊர்கள் இருக்கின்றன. எந்தத் தெருவில் நின்றீர்களோ, அந்தத் தெருவின் விடைதான் கிடைக்கும்.

எனவே அந்தக் கலக்கும் வேலையை ஆய்வு செய்கிறவர் செய்ய வேண்டியிருக்கிறது. யாரைச் சேர்ப்பது என்ற முடிவைத் தன் விருப்பத்துக்கோ வசதிக்கோ விடாமல் குலுக்கலிடம் விட்டுவிட வேண்டும். குடும்ப நல ஆய்வு அப்படித்தான் 6,36,699 வீடுகளுக்குப் போய் 7,24,115 பெண்களிடமும் 1,01,839 ஆண்களிடமும் பேசியது. நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய பகுதி. ஆனாலும் அந்த 57ஐ நம்பி விவாதிக்க முடிகிறது. வீடுகளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் அந்த நம்பிக்கையைக் கொடுக்கிறது.

முழுமைத்தொகுதியும் மாதிரிச் சட்டகமும் ஒன்றுதானே?

இல்லை. யாரைப் பற்றிப் பேச விரும்புகிறோமோ அவர்கள் எல்லாரும் சேர்ந்தது முழுமைத்தொகுதி. குலுக்கல் போடுவதற்குக் கையில் இருக்கும் பட்டியல் சட்டகம். இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால் நல்லது. நடைமுறையில் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஐந்தாவது குடும்ப நல ஆய்வுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் சட்டகம். களப்பணி நடந்தது 2019 முதல் 2021 வரை. இந்த இடைவெளியில் நகரங்களின் ஓரத்தில் எத்தனையோ புது லேஅவுட்டுகள் வந்துவிட்டன. அதனால்தான் கிராமமோ கணக்கெடுப்பு வட்டமோ தேர்வான பிறகு, அங்கே நேரில் போய் வரைபடம் போட்டு வீடுகளைப் புதிதாகப் பட்டியல் எடுத்தார்கள். பட்டியல் எடுக்கும் வேலையில் யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை; சலிப்பான வேலை. ஆனால் ஆய்வின் தரத்தில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அது வீடுகளில் நடக்கும் ஆய்வு. விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், நடைபாதையில் தூங்குபவர்கள், சிறையில் இருப்பவர்கள், கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கொட்டகை போட்டிருப்பவர்கள் எல்லாம் வீட்டுப் பட்டியலில் சரியாக வருவதில்லை. ‘இந்தியப் பெண்கள்’ என்று நாம் எழுதும்போது அதன் பொருள் ‘வீடுகளில் வசிக்கும் பெண்கள்’ என்பதுதான்.

மாதிரி தவறினால் நிஜமாகவே பெரிய விளைவு வருமா?

வந்திருக்கிறது. 2006இல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்ஐவியோடு வாழ்பவர்கள் சுமார் 57 லட்சம் பேர். 2007 ஜூலையில் புதிய மதிப்பீடு வந்தபோது அது சுமார் 25 லட்சமாக இறங்கியது. ஒரே வருடத்தில் 30 லட்சம் பேர் குணமாகிவிடவில்லை. கணக்கு மாறியது.

பழைய கணக்கு பெரிதும் கண்காணிப்பு மையங்களை நம்பியிருந்தது. குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்களை, ஒரு மையத்துக்கு 400 பேர் என்று, வரும் வரிசையிலேயே எடுத்துப் பெயர் தெரியாமல் சோதிப்பார்கள். நோய் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் பெரிய அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அந்த மாவட்டத்தின் எல்லாப் பெண்களையும் போன்றவர்கள் அல்ல. வேறு இடத்திலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் அங்கே அதிகம் இருப்பார்கள். அந்த விகிதத்தை எடுத்து ஊர் முழுக்கப் பெருக்கியபோது கணக்கு வீங்கிவிட்டது.

2005-06இல் நடந்த மூன்றாவது குடும்ப நல ஆய்வு வீடு வீடாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. 15-49 வயதில் 0.28 சதவீதம் என்று வந்தது. அதையும், அதற்குள் எண்ணிக்கையில் கூடியிருந்த கண்காணிப்பு மையங்களின் தரவையும் சேர்த்துத்தான் புதிய மதிப்பீடு போட்டார்கள். அப்போதும் வீட்டு ஆய்வை மட்டும் நம்பிவிடவில்லை. பாலியல் தொழிலாளர்கள், ஊசி மூலம் போதை மருந்து எடுப்பவர்கள் போன்றோர் வீட்டு ஆய்வில் சிக்குவது குறைவு. அவர்களுக்குத் தனிக் கணக்கு வைத்தார்கள். மருத்துவமனை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது, வீட்டு மாதிரி மறுபக்கம் சாயும். இரண்டின் சாய்வும் தெரிந்ததால்தான் திருத்த முடிந்தது.

இப்படி ஒரே திசையில் இழுக்கும் பிழைக்குச் சாய்வுப்பிழை என்று பெயர். எத்தனை ஆயிரம் பேரைக் கூடுதலாகச் சேர்த்தாலும் அது குறையாது. அதே மருத்துவமனையில் 400க்குப் பதில் 4,000 பேரைச் சோதித்திருந்தால், தவறான விடையே இன்னும் உறுதியாகக் கிடைத்திருக்கும்.

ராண்டம் என்றால் கண்ணில் பட்டவர்களைச் சேர்ப்பதுதானே?

தீசிஸ்களில் அதிகம் தவறாகப் பயன்படும் சொல் இதுதான். புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்து, பேச நேரம் இருப்பவர்களாகப் பார்த்துக் கேட்பது வசதி மாதிரி. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு எவ்வளவு என்று உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் அது சமவாய்ப்பு மாதிரி.

களத்தில் இதைச் செய்ய கம்ப்யூட்டர் கட்டாயமில்லை. ஒரு கிராமத்தில் 132 வீடுகள், அதில் 22 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 132ஐ 22ஆல் வகுத்தால் 6. ஆறு வீட்டுக்கு ஒன்று. எந்த வீட்டில் தொடங்குவது? சட்டைப் பையில் இருக்கும் ரூபாய் நோட்டை எடுத்து அதன் எண்ணில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். நம் ஊர்க் கள ஆய்வுகளில் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம் இது. 4 என்றால் 4ஆவது வீடு, அப்புறம் 10, 16, 22 என்று போய் 130இல் முடியும். கடைசி இலக்கம் 7, 8, 9 அல்லது 0 என்றால் அந்த நோட்டை விட்டுவிட்டு அடுத்த நோட்டைப் பாருங்கள். 7ஐ 1 என்றும் 8ஐ 2 என்றும் சுருட்டிக்கொண்டால் முதல் சில வீடுகளுக்கு மட்டும் இரட்டை வாய்ப்புக் கிடைத்துவிடும். இந்த முறைசார் மாதிரியில் ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டியலிலேயே ஆறுக்கு ஒரு முறை திரும்பி வரும் ஒழுங்கு ஏதாவது இருக்கக் கூடாது. ஒரு வரிசையில் ஆறு வீடு உள்ள குடியிருப்பில் ஆறுக்கு ஒன்று எடுத்தால் எல்லாமே மூலை வீடுகளாகப் போய்விடலாம்.

போன வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பகலில் பூட்டிக் கிடப்பது எந்த வீடு என்று யோசித்துப் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் வீடு, சின்னக் குழந்தை இல்லாத வீடு. பக்கத்தில் திறந்திருக்கும் வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோடு இருக்கும் தாயோ இருப்பார்கள். மாற்றி எடுக்க எடுக்க உங்கள் மாதிரி வேலைக்குப் போகாதவர்களின் மாதிரியாக மாறிக்கொண்டே போகும்; எண்ணிக்கை மட்டும் கச்சிதமாக நிறைந்திருக்கும்.

மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ திரும்பப் போங்கள். மூன்று தடவை போயும் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி விட்டுவிடுங்கள். எத்தனை பேர் கிடைக்கவில்லை என்பதும் ஒரு தரவுதான். ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் தகுதியுள்ள பெண்களில் 97 சதவீதம் பேர் பதில் தந்தார்கள், ஆண்களில் 92. வேலை, வெளியூர் என்று ஆண்கள் வீட்டில் கிடைப்பது கடினம் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது.

படுகை மாதிரிக்கும் கொத்து மாதிரிக்கும் என்ன வித்தியாசம்? பரீட்சையில் எப்போதும் குழம்புகிறது.

படுகை முறையில் மக்களைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கொஞ்சம் எடுக்கிறோம். எந்தப் பிரிவும் விடுபடாது, துல்லியம் கூடும். கொத்து முறையில் கிராமங்களையோ வார்டுகளையோ குலுக்கிச் சிலவற்றை மட்டும் எடுத்து, மற்றவற்றை விட்டுவிடுகிறோம். செலவு குறையும், துல்லியமும் குறையும்.

பெரிய ஆய்வுகள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன. 2020 மே, ஜூனில் நடந்த முதல் தேசியக் கொரோனா எதிர்ப்பணு (ஆன்டிபாடி) ஆய்வைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) கீழ் சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இதில் முன்னின்றது. அதுவரை பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்து மாவட்டங்களை நான்கு படுகைகளாகப் பிரித்தார்கள்: பூஜ்யம், குறைவு, நடுத்தரம், அதிகம். 21 மாநிலங்களில் 70 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு 10 கொத்துகள், கொத்துக்கு 40 பேர். பெருக்கிப் பார்த்தால் 28,000 வரும். பூஜ்யம் என்று பதிவான மாவட்டங்களையும் சேர்த்ததுதான் இதில் அழகு. நோயாளிகள் பதிவான இடங்களுக்கு மட்டும் போயிருந்தால், சோதனை செய்யாததால் பூஜ்யமாகத் தெரிந்த இடங்கள் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

கொத்து முறைக்கு ஒரு விலை உண்டு. ஒரே தெருவில் உள்ளவர்கள் ஒரே ரேஷன் அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அங்கன்வாடி என்று ஒன்றுபோல இருப்பார்கள். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டால் அடுத்த வீடு தரும் புதுச் செய்தி கொஞ்சம்தான். இதை வடிவமைப்பு விளைவு என்பார்கள். கணக்கு எளிது: கொத்தில் உள்ள எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அவர்களுக்குள் இருக்கும் ஒற்றுமையின் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். கொத்துக்கு 22 பேர், ஒற்றுமை 0.05 என்றால் 21ஐ 0.05ஆல் பெருக்கி 1 கூட்ட 2.05. அதாவது 800 பேரைப் பார்த்தாலும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்த 390 பேர் அளவுக்குத்தான் தகவல். தடுப்பூசி ஆய்வுகளில் வரும் ‘30 கொத்து, 7 குழந்தை’ முறையும் இப்படிப் பிறந்ததுதான். 96 குழந்தைகள் போதும் என்ற கணக்கை இரண்டால் பெருக்கினால் 192; 30 கொத்துகளுக்குப் பங்கிட்டால் 6.4, அதைக் கொத்துக்கு 7 என்று உயர்த்தியதில் 210 ஆனது.

எடை போடுவது எதற்கு? கிடைத்த விடைகளைக் கூட்டி வகுத்தால் போதாதா?

மாவட்டத்துக்கு ஒரு மதிப்பீடு தர வேண்டும் என்பதற்காகக் குடும்ப நல ஆய்வு சின்ன மாவட்டத்திலும் பெரிய மாவட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு மாதிரியை எடுக்கிறது. 2011 கணக்கில் சென்னையில் சுமார் 46.5 லட்சம் பேர், பெரம்பலூரில் சுமார் 5.65 லட்சம் பேர். விளக்கத்துக்காக, ரத்தசோகை சென்னையில் 40 சதவீதம், பெரம்பலூரில் 60 சதவீதம் என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி வகுத்தால் 50. மக்கள்தொகைக்கு ஏற்ப எடை கொடுத்தால் 42தான். எட்டு மடங்கு பெரிய ஊரின் குரல் அதன் அளவுக்குக் கேட்பது அப்போதுதான். இந்த ஆய்வின் தரவுக் கோப்பை இறக்கி எடை போடாமலே அட்டவணை தயாரித்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் உண்டு. கட்டுரையை மதிப்பிடுகிறவர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

மாதிரி அளவுக்கு ‘நான்கு பி க்யூ பை எல் ஸ்கொயர்’ போட்டால் முடிந்ததா?

அந்தச் சூத்திரம் சரிதான். அதில் எல் என்ன என்பதில்தான் சறுக்குகிறார்கள். பி என்பது எதிர்பார்க்கும் சதவீதம், க்யூ என்பது நூறில் மீதி, எல் என்பது நீங்கள் பொறுத்துக்கொள்ளும் பிழை.

ரத்தசோகை 57 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 4, 57, 43 மூன்றையும் பெருக்க 9,804. பிழை நேரடியாக 5 சதவீதப் புள்ளிகள் என்றால் 25ஆல் வகுத்து 392 பேர். அதையே ‘57இல் 10 சதவீதம்’ என்று சொன்னால் எல் 5.7 ஆகும், விடை 302. இரண்டில் எதை எடுத்தீர்கள் என்று எழுதாமல் விட்டால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அரிதான நோயில் இந்த வேறுபாடு பெரிதாகும். 10 சதவீதம் பேருக்கு இருக்கும் ஒன்றை நேரடியாக 5 புள்ளிப் பிழையோடு அளக்க 144 பேர் போதும் என்று சூத்திரம் சொல்லும். ஆனால் கடைசியில் ‘5 முதல் 15 சதவீதம் வரை இருக்கலாம்’ என்றுதான் உங்களால் சொல்ல முடியும். அதை வைத்து யாராலும் எதையும் திட்டமிட முடியாது. 10இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு புள்ளிதான் பிழை என்றால் 3,600 பேர் வேண்டும். கையில் இருக்கும் நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்றபடி எல் மதிப்பை வளைத்து எழுதுவதை விட, இத்தனை பேர்தான் கிடைப்பார்கள், அதனால் துல்லியம் இவ்வளவுதான் என்று நேராகச் சொல்வது நல்லது.

அப்புறம் கொத்து முறை என்றால் 392ஐ இரண்டால் பெருக்கி 784. பத்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்று நினைத்தால் 0.9ஆல் வகுத்து 872. பத்து சதவீதத்தைக் கூட்டினால் 863தான் வரும். அதில் பத்து சதவீதம் கழிந்தால் 784க்குக் கீழே போய்விடும். வகுப்பதுதான் சரி.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசிச் சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டு 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கப்பட்டார்கள். காசநோய் நம்மிடம் பரவலான நோய்தான். ஆனாலும் ஒரு வருடத்தில் புதிதாக வருபவர்கள் ஆயிரத்துக்குச் சிலர்தான் என்பதால் அவ்வளவு பேர் தேவைப்பட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு அந்த அளவும் ஒரு காரணம்.

சென்னைக்கு 400 என்றால் சின்ன ஊருக்கு 50 போதுமே?

போதாது. ஊர் மிகச் சிறியதாக இருந்தாலொழிய, துல்லியத்தைத் தீர்மானிப்பது மாதிரியின் அளவுதான். ஊரின் அளவு அல்ல. ஐந்து லட்சம் பேருக்கும் ஐம்பது லட்சம் பேருக்கும் அதே 400தான்.

95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்றால் விடை 95 சதவீதம் சரி என்று அர்த்தமா?

இல்லை. இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்து நூறு இடைவெளிகள் போட்டால், சுமார் 95 இடைவெளிகளுக்குள் உண்மையான அளவு இருக்கும். 392 பேரில் 57 சதவீதம் என்றால் இடைவெளி ஏறக்குறைய 52 முதல் 62. குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் மட்டுமே இதில் அடக்கம். பூட்டிய வீடுகளை விட்டது, மருத்துவமனையிலேயே ஆள் எடுத்தது, கருவி தப்பாகக் காட்டியது எதுவும் இதில் சேராது.

இதையொட்டித் திட்டவிலக்கத்தையும் திட்டப்பிழையையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். 400 பெண்களின் சராசரி ஹீமோகுளோபின் 11.6, திட்டவிலக்கம் 1.6 என்று வைத்துக்கொண்டால், பெண்களுக்குள் உள்ள வேறுபாட்டைச் சொல்வது அந்த 1.6. அதை 400இன் வர்க்கமூலமான 20ஆல் வகுத்தால் வரும் 0.08 திட்டப்பிழை; சராசரி எவ்வளவு துல்லியம் என்பதை அது சொல்கிறது. சின்ன எண் அழகாக இருக்கிறது என்பதற்காக நோயாளிகளை விவரிக்கும் அட்டவணையில் திட்டப்பிழையைப் போடக் கூடாது.

தரவு வகைகளை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கற்றுத்தருகிறார்கள்?

எந்தக் கணக்கைப் போடலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ரத்த வகை வெறும் பெயர், சராசரி கிடையாது. வலி ‘லேசு, நடுத்தரம், கடுமை’ என்பதில் வரிசை உண்டு, இடைவெளி சமம் இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை முழு எண். ஹீமோகுளோபின் தொடர் அளவு.

தொடர் அளவைத் தொடர் அளவாகவே பதிவு செய்யுங்கள் என்பதுதான் நான் வற்புறுத்தும் ஒன்று. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11. படிவத்தில் ‘இருக்கிறது / இல்லை’ என்று மட்டும் குறித்தால் 11.9 உள்ளவரும் 6.5 உள்ளவரும் ஒன்றாகிவிடுவார்கள். எண்ணை எழுதி வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். ‘இருக்கிறது’ என்பதிலிருந்து எண்ணைத் திரும்பப் பெற வழியே இல்லை. வயதுக்கும் இதே விதிதான்.

மருத்துவமனையில் தங்கிய நாட்கள், சிகிச்சைச் செலவு போன்றவற்றில் ஒரு சிலர் மட்டும் மிக நீளமாகப் போவார்கள். அங்கே சராசரியை விட இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், நேர்மையானது.

அளந்ததே சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசி இலக்கத்தைப் பாருங்கள். துணை சுகாதார நிலையப் பதிவேடு ஒன்றில் ரத்த அழுத்தப் பத்தியை மேலிருந்து கீழே படித்தால் 120/80, 110/70, 130/80, 120/80 என்று போகும். கையால் அளக்கும் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாகத்தான் இருக்கும். அப்படியென்றால் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். பூஜ்யத்தில் முடிவது ஐந்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். பத்தி முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் காதில் கேட்டது வேறு, எழுதியது வேறு. வயதும் அப்படித்தான்: 30, 35, 40, 45 என்று குவியும்.

கருவி மாறினாலும் விடை மாறும். 2015-16இல் நான்காவது குடும்ப நல ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தை ஹீமோக்யூ கருவியில் வைத்துப் பார்த்தது. 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 58 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை என்று வந்தது. 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சிரையிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சோதித்தது. 1 முதல் 4 வயதில் 41 சதவீதம். வயது வரம்பு சற்று வேறு என்பதை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் இவ்வளவு வித்தியாசத்துக்கு ரத்தம் எடுத்த விதம் முக்கியக் காரணம் என்றே நானும் நினைக்கிறேன். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீரும் கலந்து ரத்தம் நீர்த்துவிடும்.

அரிதானதை அளக்கும்போது இது இன்னும் கூர்மையாகும். முதல் கொரோனா ஆய்வில் எதிர்ப்பணு இருந்தவர்கள் 0.73 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். யாருக்குமே தொற்று வராத 28,000 பேரை, நூறில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் கிட்டால் சோதித்தால் 280 பாசிட்டிவ், அதாவது 1 சதவீதம் வந்துவிடும். உண்மையை விடப் பொய் பெரிதாக இருக்கும்! அதனால்தான் முதல் கிட்டில் பாசிட்டிவ் வந்தவற்றை இன்னொரு கிட்டாலும் சோதித்து, கிட்டின் குறையையும் கணக்கில் கழித்தார்கள்.

கோப்பில் ஹீமோகுளோபின் 994 என்று இருக்கிறதே?

அது அளவு அல்ல, குறியீடு. குடும்ப நல ஆய்வுக் கோப்பில் ஹீமோகுளோபின் புள்ளி இல்லாமல் இருக்கும்; 115 என்றால் 11.5. சோதனையின்போது ஆள் இல்லை, மறுத்துவிட்டார், வேறு காரணம் என்பவற்றுக்கு 994, 995, 996. இவற்றை நீக்காமல் சராசரி போட்டால் 99 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவர்களையும் சேர்த்துக் கூட்டிவிடுவீர்கள். எந்தக் கோப்பாக இருந்தாலும் முதலில் ஒவ்வொரு மாறியின் சிறுமம், பெருமம், காலியிடம் மூன்றையும் பாருங்கள்.

சமவாய்ப்பு மாதிரியும் சமவாய்ப்பு ஒதுக்கீடும் ஒன்றா?

வேறு வேறு. ஊரைப் பற்றிச் சொல்ல முதலாவது, மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல இரண்டாவது.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், செய்த முதல் பெரிய வேலை இதற்கு நல்ல உதாரணம். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். தாம்பரம் சானடோரியம் என்று இன்றும் ரயில் நிலையத்துக்குப் பெயர் இருக்கிறது. படுக்கைகளோ மிகக் குறைவு. சென்னை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறுபிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஒரு வருடம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான வீட்டில், குறைவான சாப்பாட்டில், வேலையும் செய்துகொண்டு இருந்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கக் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே சிகிச்சை செய்யலாம் என்ற மாற்றத்துக்கு வழி திறந்தது அந்த ஆய்வுதான்.

அந்த 193 பேர் இந்தியக் காசநோயாளிகளின் சமவாய்ப்பு மாதிரி இல்லை. ஆனால் இரு பிரிவினரும் தொடக்கத்தில் ஒன்றுபோல இருந்தார்கள், அதனால் ஒப்பீடு நியாயமானது. எத்தனை சதவீதம் பேருக்குக் காசநோய் என்று கேட்டிருந்தால் அந்த 193 பேரால் பதிலே சொல்லியிருக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பிச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் அதை வைத்துச் சதவீதம் சொல்லாதீர்கள். எத்தனை பேருக்குப் போனது என்றே தெரியாத படிவத்துக்குப் பதில் விகிதம் கிடையாது. கேள்விகள் புரிகின்றனவா என்று பார்க்க, ஒரு யோசனையைத் தொட்டுப் பார்க்க அது போதும். ‘வசதி மாதிரி’ என்று முறைகள் பகுதியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

தாய் இறப்பு விகிதத்துக்கு மட்டும் ஏன் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்கிறார்கள்?

2018-20இல் லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54 என்று மாதிரிப் பதிவு முறை சொல்கிறது. சுமார் 80 லட்சம் மக்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் அவ்வளவு பெரிய மாதிரியிலும், ஒரு மாநிலத்தில் ஒரு வருடத்தில் பதிவாகும் தாய் இறப்புகள் கொஞ்சம்தான். ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் விகிதம் எகிறும். அதனால் மூன்று வருடங்களைச் சேர்க்கிறார்கள்.

மாவட்ட அறிக்கையில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன, சில இடத்தில் நட்சத்திரம் மட்டும் இருக்கிறது. அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. குடும்ப நல ஆய்வின் மாவட்டத் தகவல் தாளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தது. 25 பேருக்கும் குறைவு என்றால் எண்ணே தராமல் நட்சத்திரம் போடுகிறார்கள். ஆய்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பெற்ற குழந்தைகள் என்பது போன்ற வரிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். மாவட்டத்தில் பல நூறு வீடுகளுக்குப் போனாலும், அந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அடைப்புக்குறியைத் தூக்கிவிட்டு அந்த எண்ணை வைத்து ‘எங்கள் மாவட்டம் பின்தங்கிவிட்டது’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால், கீழே உள்ள அடிக்குறிப்பைக் காட்டுங்கள்.